டார்க்வுட்: பயமுறுத்துவதிலும் கெட்டி, பொறுமையைச் சோதிப்பதிலும் கெட்டி

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கேட்கும் முதல் சில கேள்விகளில் ஒன்று, "இதில் நல்ல கேம் என்ன போடலாம்?" என்பது. கார் ரேஸ், கிரிக்கெட், துப்பாக்கிச் சண்டை என்று ஆளாளுக்கு ஒரு பட்டியல் தருவார்கள். யாராவது பேய் கேம் என்று வாயெடுத்தால், "அதெல்லாம் எதற்கு, ராத்திரித் தூக்கம் கெட்டுவிடும்" என்று மற்றவர்கள் அடக்கிவிடுவார்கள். இந்த மாதம் நான் எழுதப் போவது அப்படி ஒதுக்கப்படும் வகையைச் சேர்ந்த ஒரு கேமைப் பற்றித்தான். அதன் பெயர் டார்க்வுட். தமிழில் இருண்ட காடு என்று சொல்லலாம். போலந்து நாட்டில் ஆசிட் விசார்ட் ஸ்டுடியோ என்ற பெயரில் மூன்றே பேர் சேர்ந்து உருவாக்கி, 2017 ஆகஸ்டில் முழுமையாக வெளியிட்ட கேம் இது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயம் என்ற உணர்வை இவ்வளவு நேர்மையாகக் கையாண்ட இன்னொரு கேமை நான் விளையாடியதில்லை. அதே சமயம், வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, இரவுச் சாப்பாட்டுக்கு முன் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் விளையாடுபவரின் நேரத்தை இது கொஞ்சமும் மதிப்பதில்லை. இந்த இரண்டையும் தெரிந்துகொண்டு வாங்குபவர் ஏமாற மாட்டார். ஒன்றை மட்டும் கேள்விப்பட்டு வாங்குபவர், இரண்டாம் நாளே அன்இன்ஸ்டால் செய்துவிடுவார்.

நான் குந்தாக்காரன். நீலகிரியில் ஊட்டி, குன்னூர் வரை வந்தவர்களில் பலர் மஞ்சூர், குந்தா பாலம் பக்கம் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். இங்கே மாலை ஐந்து மணிக்கே மேகம் இறங்கிவிடும். எதிர் வீட்டு விளக்கு மஞ்சள் புள்ளியாகத் தெரியும், பிறகு அதுவும் தெரியாது. கரடி கதவை உடைத்து எண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் சமையலறையில் புகுந்த செய்தி அடிக்கடி காதில் விழும். காட்டெருமை தேயிலைத் தோட்டத்தில் சாதாரணமாக மேய்ந்துகொண்டிருக்கும். அதனால் இருட்டைப் பற்றிப் பேசும் ஒரு கேமை எடைபோட எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு என்று நினைக்கிறேன்.

சர்வைவல் ஹாரர், இண்டி: இவை என்ன?

கேம் பற்றிப் போகும் முன், புதியவர்களுக்காக இரண்டு சொற்களை விளக்கிவிடுகிறேன். சர்வைவல் ஹாரர் என்பது உயிர் பிழைத்தலையும் பயத்தையும் சேர்த்த ஒரு வகை. சாதாரணத் துப்பாக்கி கேமில் குண்டுகள் கொட்டிக் கிடக்கும். நீங்கள் சுட்டுக்கொண்டே போகலாம். இந்த வகையில் எதுவுமே போதாது. நான்கு குண்டுகள்தான் இருக்கும், ஐந்து எதிரிகள் வருவார்கள். சுடுவதா, ஓடுவதா, ஒளிவதா என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டும். 1996-ல் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் வெளியிட்ட ரெசிடென்ட் ஈவில் மூலம் இந்தப் பெயர் உலகெங்கும் பிரபலமானது.

இண்டி கேம் என்பது பெரிய நிறுவனங்களின் பணமும் பட்டாளமும் இல்லாமல், ஒருவரோ சிலரோ சேர்ந்து சொந்தமாகச் செய்யும் கேம். பெரிய நிறுவனங்களில் ஒரு கேமுக்கு நூற்றுக்கணக்கானோர் வேலை செய்வார்கள். இண்டியில் படம் வரைபவரே கதையும் எழுதுவார், இசையும் அமைப்பார். பணம் குறைவு என்பதால் யோசனை அதிகம் தேவைப்படும். பயமுறுத்தும் கேம்கள் இந்த வழியில் நன்றாக வளர்ந்துள்ளன. ஸ்வீடனின் ஃப்ரிக்‌ஷனல் கேம்ஸ் என்ற சிறிய நிறுவனம் 2010-ல் வெளியிட்ட அம்னீசியா இதற்கு ஒரு முன்னோடி. அதில் உங்கள் கையில் ஆயுதமே கிடையாது. ஒரு லாந்தர் விளக்கும் கொஞ்சம் எண்ணெயும்தான். டார்க்வுட் அதே பாதையில் இன்னும் சில அடிகள் நடந்திருக்கிறது.

கேமில் என்ன செய்ய வேண்டும்?

கதை நடப்பது 1980களின் போலந்தில். கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்த காலம். ஒரு பகுதியைக் காடு மெல்ல விழுங்கிவிட்டது. சாலைகளை மரங்கள் அடைத்துவிட்டன. வெளியே போக வழியில்லை, உள்ளே இருப்பவர்களுக்கு இனம் தெரியாத நோய். நீங்கள் பெயரில்லாத ஒரு மனிதர். அங்கிருந்து வெளியேறும் வழியைத் தேட வேண்டும்.

பகலில் காட்டுக்குள் போய்ப் பொருட்கள் சேகரிக்க வேண்டும். பலகை, ஆணி, துணி, பெட்ரோல், உணவு, காளான் என்று கிடைத்ததை எல்லாம் பையில் போட வேண்டும். பொழுது சாய்வதற்குள் உங்கள் மறைவிடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். அங்கே ஒரு பழைய வீடு. ஜன்னல்களுக்குப் பலகை அடிக்கலாம். பீரோவை இழுத்துக் கதவுக்கு அண்டை கொடுக்கலாம். ஜெனரேட்டரில் பெட்ரோல் ஊற்றினால் விளக்கு எரியும். பெட்ரோல் தீர்ந்தால் விளக்கு அணையும். பிறகு விடியும் வரை உள்ளே உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். இரவைத் தாண்டினால் காலையில் ஒரு வியாபாரி வருவார். அவரிடம் உங்கள் மதிப்பு கூடியிருக்கும். அந்த மதிப்பைக் கொண்டுதான் அவரிடம் பொருள் வாங்க முடியும்.

கீபோர்டில் டபிள்யூ, ஏ, எஸ், டி கீகளால் நடக்க வேண்டும். மவுஸை நகர்த்தினால் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பீர்கள். காட்சி முழுவதும் மேலிருந்து பார்ப்பது போல அமைந்திருக்கும். கூரையைப் பிரித்துவிட்டு வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். "மேலிருந்து பார்த்தால் எப்படிப் பயம் வரும்?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்டேன். பதில் கீழே.

முதல் பலம்: காட்டாமல் காட்டுவது

டார்க்வுட்டில் நீங்கள் எந்தப் பக்கம் பார்க்கிறீர்களோ, அந்தப் பக்கம் டார்ச் வெளிச்சம் போல ஒரு முக்கோண வடிவில்தான் பார்வை விரியும். முதுகுப் பக்கம் மரமும் சுவரும் மங்கலாகத் தெரியும், ஆனால் அங்கே நடமாடும் உயிர்கள் தெரியாது. அதாவது ஒரு ஜந்து உங்களுக்கு இரண்டடி பின்னால் நின்றாலும், திரும்பிப் பார்க்கும் வரை ஸ்கிரீனில் அது இல்லை. இது ஒரு சின்ன யோசனை. ஆனால் மேலிருந்து பார்க்கும் வசதியால் கிடைக்கும் தைரியம் முழுவதையும் இது பறித்துவிடுகிறது. தரையெல்லாம் தெரிந்தும் ஒன்றும் தெரியாத நிலை.

எங்கள் ஊரில் மேகம் இறங்கிய பிறகு நடந்தவர்களுக்கு இது உடனே புரியும். பாதை பழகியதுதான். எத்தனையாவது அடியில் படிக்கட்டு, எங்கே வளைவு என்று கால் அறியும். வளைவுக்கு அப்பால் என்ன நிற்கிறது என்பதுதான் தெரியாது. இடம் தெரிந்தும் அதில் இருப்பது யார் என்று தெரியாமல் இருப்பதுதான் மலை இருட்டு. போலந்துக்காரர்கள் அதைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள்.

இரண்டாவது பலம்: ஒலி

நம்மில் பலருக்குப் பயமுறுத்துவது என்றால் திரையரங்கில் திடீரென்று டமார் என்று ஒலி எழுப்பி ஒரு முகத்தைக் காட்டுவது. அதை ஜம்ப் ஸ்கேர் என்பார்கள். என்னைக் கேட்டால் அது பயம் அல்ல, அதிர்ச்சி. பின்னால் வந்து பலூனை உடைத்தால்கூட நாம் துள்ளத்தான் செய்வோம். டார்க்வுட் அந்தக் குறுக்கு வழியை நம்பவில்லை. தயாரிப்பாளர்களே அப்படித்தான் இந்த கேமை விளம்பரப்படுத்தினார்கள்.

அதற்குப் பதிலாக ஒலியை நம்பியிருக்கிறார்கள். இரவில் மறைவிடத்தின் மூலையில் நிற்கிறீர்கள். வெளியே சருகு மிதிபடும் சத்தம். பிறகு அமைதி. பக்கத்து அறையில் பலகை முனகுகிறது. கதவு தட்டப்படுகிறது. திறக்கலாமா, கூடாதா? சில இரவுகளில் யாருமே வர மாட்டார்கள். அந்த இரவுகள்தான் அதிகம் பயமுறுத்தும். இசையும் ஒலிகளும் அந்த மூவரில் ஒருவரான ஆர்தர் கோர்டாஸ் செய்தவை. பெரிய ஸ்பீக்கர் எதுவும் வேண்டாம், சாதாரண ஹெட்போன் போதும். எந்தக் காதுப் பக்கம் சத்தம் வருகிறது என்று தெரிந்துகொள்ள அது அவசியமும்கூட.

மூன்றாவது பலம்: வெளிச்சத்துக்கு விலை

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இந்த கேமில் விளக்கு இலவசம் அல்ல. ஒவ்வொரு இரவின் வெளிச்சமும் பகலில் நீங்கள் தேடிய பெட்ரோல். அதே பெட்ரோலை ரம்பத்துக்கு ஊற்றினால் மரக்கட்டையைப் பலகையாக அறுக்கலாம். ஜன்னலுக்குப் பலகையா, அறைக்கு விளக்கா? இந்தக் கணக்கை ஒவ்வொரு மாலையும் போட வேண்டும். பயத்தைக் கணக்காக மாற்றி நம் கையில் கொடுப்பதால், அது நம் சொந்தப் பயமாக ஆகிவிடுகிறது. விளக்கு அணைந்தால் பேயைத் திட்ட முடியாது. "பகலில் அந்தக் கொட்டகையைத் தேடாமல் விட்டது யார்?" என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

குந்தாவில் இருந்து இதை எழுதுவதில் ஒரு வேடிக்கை உண்டு. கனடா நாட்டு உதவியோடு கட்டப்பட்ட குந்தா நீர்மின் திட்டத்தின் முதல் மின்நிலையம் எங்கள் குந்தா பாலத்தில்தான் இருக்கிறது. 1960 முதல் மின்சாரம் வருகிறது. அவலாஞ்சி, எமரால்டு அணைகளின் தண்ணீர் இங்கே டர்பைனைச் சுற்றிவிட்டு, கெத்தை, பரளி, பில்லூர் என்று இறங்கி ஒவ்வொரு இடத்திலும் மறுபடி மின்சாரம் தருகிறது. ஊருக்கெல்லாம் வெளிச்சம் அனுப்பும் இடம். ஆனால் காற்று மழையில் ஒரு மரம் கம்பி மேல் சாய்ந்தால் மெழுகுவர்த்தியைத் தேடுவதும் நாங்கள்தான். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை நீங்கள் செய்தியில் படித்திருக்கலாம். அப்படிப்பட்ட ஒரு வாரத்தைக் கடந்தவர்களுக்கு ஒரு விளக்கின் விலை என்ன என்று எந்த கேமும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் சமவெளியில் சுவிட்சைத் தட்டியே வளர்ந்தவர்களுக்கு இந்த கேம் அதைக் கொஞ்சம் சொல்லித்தரும்.

இனி குறைகளுக்கு வருவோம்

பலங்களைப் படித்துவிட்டு அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள். குறைகளும் அதே அளவு இருக்கின்றன.

ஒன்று, மேப். கேமில் மேப் இருக்கிறது. ஆனால் மொபைல் மேப் போல நீங்கள் நிற்கும் இடத்தை அது எப்போதும் காட்டாது. தெரிந்த ஓர் அடையாளத்தை நீங்களே கண்டுபிடித்து, அதை வைத்து வழி அறிய வேண்டும். போதாக்குறைக்கு ஒவ்வொரு முறை புது ஆட்டம் தொடங்கும்போதும் இடங்கள் மாறி அமையும். நண்பர் சொன்ன வழி உங்களுக்குப் பயன்படாது.

இரண்டு, சேவ் செய்யும் முறை. மற்ற கேம்களில் ஆபத்தான இடத்துக்கு முன்பு சேவ் செய்து வைத்துக்கொண்டு, தோற்றால் திரும்ப வரலாம். இங்கே அது முடியாது. கேம் தானாகவே சேவ் செய்யும். இறந்துவிட்டால் கையிலிருந்த பொருட்களில் ஒரு பகுதி இறந்த இடத்திலேயே விழுந்துவிடும். அவ்வளவு தூரமும் மறுபடி நடந்து போய் எடுக்க வேண்டும். இது சாதாரண நிலை. கடின நிலையில் உயிர்களுக்கு எண்ணிக்கை உண்டு. அதற்கும் மேலான நிலையில் ஒரே உயிர்தான். போனால் எல்லாம் முதலிலிருந்து.

மூன்று, பை. பையில் இடம் மிகக் குறைவு. பலகையை எடுத்தால் துணியை விட வேண்டும். மறைவிடத்துக்குத் திரும்பி, பெட்டியில் அடுக்கி, மறுபடி போய், மறுபடி அடுக்கி... பாதி நேரம் காட்டில் உயிர் பிழைக்கிறோமா, மளிகைக் கடையில் சரக்கு இறக்குகிறோமா என்று சந்தேகம் வரும்.

நான்கு, சண்டை. ஆயுதத்தை ஓங்கிப் பிடித்து, நேரம் பார்த்து அடிக்க வேண்டும். ஓங்குவதற்கே நேரமாகும். இரண்டு அடி அடித்தால் மூச்சு வாங்கும். நாய் மாதிரி வேகமாகப் பாய்வனவற்றிடம் முதல் சில நாட்கள் நீங்கள் கடிபடத்தான் வேண்டும்.

ஐந்து, இரவுகள். முதல் பத்து இரவுகள் நெஞ்சை அடைக்கும். அதன் பிறகு எந்த அறையில் நிற்பது, எங்கே பொறி வைப்பது என்று தெரிந்துவிடும். அப்போது இரவு என்பது சில நிமிடங்கள் சும்மா நிற்கும் வேலையாகிவிடுகிறது. காத்திருப்பு பயமாக இருந்தது போய், பஸ் ஸ்டாண்டு காத்திருப்பாக மாறிவிடுகிறது.

ஆறு, ஆங்கிலம். கேமில் வரும் மனிதர்கள் பேசுவது பெரும்பாலும் எழுத்தில்தான் வரும். பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டியிருக்கும். பல மொழிகளில் மொழிபெயர்ப்பு இருந்தாலும் தமிழில் இல்லை. கொஞ்சம் நன்றாகவே ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் கதை முழுமையாகப் போய்ச் சேரும். கதையின் முடிவுகள் நீங்கள் யாரிடம் என்ன சொல்கிறீர்கள், யாருக்கு உதவுகிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறும் என்பதால், படிக்காமல் தாண்டிப் போகவும் முடியாது.

எந்தச் சிரமம் நியாயம்?

இந்தக் குறைகளைச் சொன்னால் இந்த கேமின் ரசிகர்கள் உடனே ஒரு பதில் வைத்திருப்பார்கள். "சிரமம்தானே சர்வைவல் ஹாரர்? சுலபமாக இருந்தால் பயம் எங்கிருந்து வரும்?" என்பார்கள். பாதி சரி. ஆனால் எல்லாச் சிரமத்தையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது என்பது என் கட்சி.

மேப்பில் உங்கள் இடம் தெரியாதது ஒரு சிரமம். அது பயத்துக்கு உதவுகிறது. வழி தவறிய காட்டில் வெளிச்சம் மங்கும்போது வரும் படபடப்புக்கு அதுதான் காரணம். அதை நீக்கினால் கேம் செத்துவிடும். பெட்ரோல் போதாததும் அப்படியே. ஆயுதம் மெதுவாக இருப்பதும் அப்படியே. கையில் தடி இருக்கிறது என்ற தைரியத்தை அது குறைக்கிறது. இவை எல்லாம் நியாயமான சிரமங்கள். நான் புகார் சொல்ல மாட்டேன்.

ஆனால் பையில் இடமில்லாமல் ஒரே பாதையில் நான்கு முறை நடப்பதில் என்ன பயம் இருக்கிறது? முதல் முறை நடக்கும்போது பயந்தேன். நான்காம் முறை நடக்கும்போது கடிகாரத்தைப் பார்த்தேன். பழகிய இரவில் மூலையில் நின்று விடியலை எதிர்பார்ப்பதில் என்ன பயம்? இவை பயத்தைத் தேய்க்கும் சிரமங்கள். பயம் என்பது உப்பு மாதிரி. அளவோடு போட்டால் நாக்கு உணரும். தொடர்ந்து போட்டால் நாக்கு மரத்துப் போகும்.

இதில் வீட்டு உபயோகிப்பாளருக்கு இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. இந்த கேமை முடிக்க 20 மணி நேரத்துக்கு மேல் ஆகும். கல்லூரி விடுமுறையில் இருப்பவருக்கு அது ஒரு வாரம். தினமும் ஒரு மணி நேரம் மட்டுமே கம்ப்யூட்டர் முன் உட்காரும் டீ பேக்டரி ஊழியருக்கோ பள்ளி ஆசிரியருக்கோ அது ஒரு மாதம். அந்த ஒரு மணி நேரத்தில் 40 நிமிடம் பலகை சுமந்தே போய்விட்டால், அவர் மறுநாள் கேமைத் திறக்க மாட்டார். நல்ல கதையும் நல்ல ஒலியும் அவருக்குப் பாதியிலேயே நின்றுவிடும். தயாரித்தவர்கள் திறமைசாலிகள், சந்தேகமில்லை. ஆனால் விளையாடுபவரின் கடிகாரத்தையும் அவர்கள் ஒரு முறை பார்த்திருக்கலாம்.

மூன்று பேரின் ஒரு நல்ல காரியம்

இந்த கேமைப் பற்றிப் பேசும்போது ஒரு விஷயத்தை விடக்கூடாது. கேம் வெளியான சில நாட்களில், பணம் இல்லாததால் ரீஃபண்ட் கேட்ட ஒருவரின் செய்தி அவர்களுக்கு வந்தது. வீட்டில் பெற்றோருக்குச் செலவு வைக்க வேண்டாம் என்பது அவருடைய கவலை. அதைப் பார்த்த மூவரும், பணம் கொடுக்க முடியாதவர்கள் விளையாடட்டும் என்று தங்கள் கேமைத் தாங்களே டொரண்டாக இணையத்தில் போட்டார்கள். பிடித்திருந்தால், முடியும்போது வாங்குங்கள் என்பதுதான் அவர்கள் வைத்த வேண்டுகோள். திருட்டு நகலை எதிர்த்து பெரிய நிறுவனங்கள் பூட்டு மேல் பூட்டு போட்டுக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது இது.

இதைப் படித்துவிட்டு டொரண்டைத் தேடிப் போக வேண்டாம் என்று புதியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் போட்டது சுத்தமான பைல்தான். ஆனால் இன்று அதே பெயரில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் போட்டு வைத்திருக்கலாம். கேமோடு வைரஸும் இறங்கினால் போவது உங்கள் போட்டோக்களும் வங்கிப் பாஸ்வேர்டும். தவிர, மூன்று பேர் செய்த பொருளுக்குக் காசு கொடுப்பது பெரிய கம்பெனிக்குக் கொடுப்பது போல அல்ல. அது நேராக உழைத்தவரின் அடுப்புக்குப் போகிறது. தையல்காரரிடம் தைத்த சட்டைக்குக் கூலி கொடுக்காமல் வருவோமா?

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

புதிய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் இதை ஓட்டுவது பற்றிக் கவலைப்பட வேண்டாம். மேலிருந்து பார்க்கும் கேம் என்பதால் இது பெரிய கிராபிக்ஸ் கார்டு கேட்டு அடம் பிடிப்பதில்லை. கொஞ்சம் பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். ஸ்டீம் மூலம் வாங்குவதானால் விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்தையது வைத்திருப்பது நல்லது. விண்டோஸ் 7, 8 ஆகியவற்றுக்கு ஸ்டீம் தன் ஆதரவை 2024 ஜனவரி முதல் தேதியோடு நிறுத்திவிட்டது. கிஃப்ட் கிடைத்த பழைய கம்ப்யூட்டரில் இதை மறந்துவிட்டுப் பணம் கட்டிவிடாதீர்கள்.

ஸ்டீமில் வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆகவே முதல் இரண்டு மணி நேரத்தைச் சோதனையாக வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஒத்துவருமா என்று அதற்குள் ஓரளவு தெரிந்துவிடும். எங்களைப் போல இணையம் வருவதும் போவதுமாக இருக்கும் ஊர்க்காரர்கள் ஜிஓஜி தளத்தில் வாங்கலாம். அங்கே இன்ஸ்டால் பைலையே டவுன்லோட் செய்து வைத்துக்கொள்ளலாம். பிறகு விளையாட இணையம் தேவையில்லை.

டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் யுபிஎஸ் இல்லாமல் இதைத் தொடங்க வேண்டாம். கேமுக்குள் விளக்கு அணைவது சுவாரசியம். வீட்டுக்குள் அணைந்தால் அன்றைய உழைப்பு போய்விடக்கூடும். தொடங்கும்போது சாதாரண நிலையையே தேர்ந்தெடுங்கள். பெருமைக்காகக் கடின நிலையைக் கிளிக் செய்ய வேண்டாம். ஸ்கிரீனின் பிரைட்னஸை ஏற்றி வைத்து விளையாடுவதும் வேண்டாம். அப்படிச் செய்தால் எல்லாம் தெரியும், கேம் இருக்காது.

முக்கியமாக, இது குழந்தைகளுக்கான கேம் அல்ல. ரத்தம், சிதைந்த உடல்கள், மனதைத் தொந்தரவு செய்யும் காட்சிகள் உண்டு. வீட்டுக் கம்ப்யூட்டரைப் பிள்ளைகளும் பயன்படுத்தினால், உங்களுக்குத் தனி யூசர் அக்கவுண்ட் உருவாக்கிப் பாஸ்வேர்டு போட்டு அதில் இன்ஸ்டால் செய்யுங்கள். இதய நோய் உள்ள பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் விஷயமும் அல்ல இது.

நம் இருட்டை யார் சொல்வது?

கடைசியாக ஓர் ஆதங்கம். டார்க்வுட்டின் காடு போலந்துக் காடு. அதன் வீடு, அதன் உணவு, அதன் கிராமத்து மனிதர்கள் எல்லாம் அவர்கள் ஊர். அதனால்தான் அது உண்மையாக இருக்கிறது. ஹாலிவுட் படத்தைப் பார்த்து நகல் எடுத்திருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நம்மிடம் இல்லாத காடா? அவலாஞ்சி, அப்பர் பவானி பக்கம் போனால், பல ஆண்டுகளுக்கு முன்பு நட்ட சீகை மரங்கள் புல்வெளிகளை மூடிப் பரவியிருப்பதைப் பார்க்கலாம். மரங்கள் நிலத்தை விழுங்கும் கதைக்கு எங்கள் மலையில் யாரும் கற்பனை செய்ய வேண்டியதில்லை. கெத்தைச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் இரவில் யானைக் கூட்டத்துக்காக வண்டியை நிறுத்திக் காத்திருப்பவர்களுக்குத் தெரியும், ஹெட்லைட்டை அணைப்பதா வேண்டாமா என்ற கேள்வி எவ்வளவு பெரியது என்று.

தமிழில் செய்தால் யார் வாங்குவார்கள் என்று கேட்பவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. கனடாவின் டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் என்ற சிறிய குழு 2023-ல் வெண்பா என்ற கேமை வெளியிட்டது. கனடாவுக்குக் குடியேறிய ஒரு தமிழ்த் தாயின் சமையலும் குடும்பமும்தான் கதை. இட்லி, பிரியாணி, பழைய தமிழ்ப் பாட்டின் சாயல் என்று முழுக்க நம் வீட்டு விஷயம். அது 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதை, புதுமுக கேம் பிரிவில் வென்றது. சமையலறையில் இருந்து ஒரு கேம் உலகம் சுற்ற முடியும் என்றால், சோலைக்காட்டில் இருந்து ஏன் முடியாது?

மூன்று பேர், சில ஆண்டுகள், கொஞ்சம் பிடிவாதம். டார்க்வுட்டுக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான். கம்ப்யூட்டர் வாங்கிவிட்டு கேம் விளையாட மட்டுமே பயன்படுத்தும் நம் கல்லூரி மாணவர்களில் மூன்று பேர் இதைப் படித்து யோசித்தால் போதும். அவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். பெட்ரோல் தீரட்டும், வழி தவறட்டும், பயம் வரட்டும். பலகை சுமக்கும் வேலையை மட்டும் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

விளையாடப் போகிறவர்களுக்கு என் தீர்ப்பு இதுதான். பொறுமையும் ஆங்கிலமும் கொஞ்சம் கைவசம் இருந்தால் வாங்குங்கள், தள்ளுபடி வரும்போது வாங்கினால் இன்னும் நல்லது. வாரம் ஒரு நாள், வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, இரண்டு மணி நேரம் தொடர்ந்து கிடைக்கும்போது மட்டும் விளையாடுங்கள். தினமும் அரை மணி நேரம் என்று துண்டு துண்டாக விளையாடினால் உங்களுக்குக் கிடைப்பது சுமை மட்டும்தான். அவசரக்காரர்களும், வேலை அலுப்பைத் தீர்க்க ஒரு கேம் தேடுபவர்களும் வேறு கேமைப் பார்ப்பது நல்லது. அவர்களுக்கு கிரிக்கெட்டே போதும்.